தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து உழைத்தவர்களின் முதுமைக்காலப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா 33 வருடம் கொழுந்து பறித்தவர். அவருடைய ஈ.பி.எஃப் கடதாசிகளை நிரப்பப்போய்த்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அப்புறம் பக்கத்து லயத்து அக்காமார், மேல் டிவிசன் மாமாமார் என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வாசலில் யாராவது ஒருவர் கடதாசிப் பையோடு உட்கார்ந்திருப்பார். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும், கொழும்பில் வேலை செய்யும் அவர்களுடைய பிள்ளைகள் போனில் கேட்பதையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வாசித்துக் காட்டுங்கள்.

ஈ.பி.எஃப் என்பதும் பென்சன் என்பதும் ஒன்றா?

இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் லேசாகப் புரியும்.

பென்சன், அதாவது ஓய்வூதியம், உயிர் இருக்கும் வரைக்கும் மாசா மாசம் வருவது. 90 வயது வரை இருந்தால் 90 வயது வரை வரும். ஈ.பி.எஃப் எனப்படும் ஊழியர் சேமலாப நிதி அப்படி இல்லை. அது உங்கள் பெயரில் சேர்ந்த சேமிப்பு. வேலையை விட்ட பிறகு ஒரே தடவையில் மொத்தமாகக் கையில் தருவார்கள், அத்தோடு முடிந்தது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. கணக்கையும் கோரிக்கையையும் தொழில் திணைக்களம் பார்க்கிறது, பணத்தை மத்திய வங்கி முதலீடு செய்கிறது. நாட்டிலேயே பெரிய நிதி இதுதான். அதில் நம் தோட்டத்து ஆட்களின் வியர்வையும் இருக்கிறது என்பதை நான் எப்போதும் சொல்வேன்.

சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கிறார்கள்? தோட்டம் எவ்வளவு போட வேண்டும்?

உங்களிடம் 8 சதவீதம் பிடிப்பார்கள். தோட்டம் தன் கையிலிருந்து 12 சதவீதம் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 20 சதவீதம் ஈ.பி.எஃப்புக்குப் போகும். அதற்கு மேலே ஈ.டி.எஃப் எனப்படும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். அது 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி முழுக்க முழுக்கத் தோட்டம் கட்டுவது, உங்களிடம் ஒரு சதமும் பிடிக்கக்கூடாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு முழுநாள் வேலையை ஒரு பேர் என்போம். மாதத்தில் 20 பேர் விழுந்திருந்தால் 27,000 ரூபாய். அதில் உங்கள் 8 சதவீதம் 2,160. தோட்டத்தின் 12 சதவீதம் 3,240. ஆக 5,400 ரூபாய் ஈ.பி.எஃப்பில் சேர வேண்டும். ஈ.டி.எஃப்பில் 810.

அரைப்பேர் விழுந்தால் சேமிப்பும் பாதியாகும். இதைப் பலர் யோசிப்பதில்லை. இன்றைக்கு கிலோ குறைந்து அரைப்பேர் போட்டால், நட்டம் இன்றைய சம்பளத்தோடு நிற்காது. முதுமைக்குச் சேரும் பணமும், அதற்கு வரவேண்டிய வட்டியும் சேர்ந்தே குறையும். அதனால் சம்பளத் துண்டில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று மாதாமாதம் பார்க்கச் சொல்லுங்கள். ஓவர்டைம் சம்பளத்துக்கு ஈ.பி.எஃப் கிடையாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் பதிவிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள், இப்போது அன்றன்றைய கைக்காசுக்குத்தான் பறிக்கிறேன். எனக்கு ஈ.பி.எஃப் உண்டா?

சட்டம் நிரந்தரத் தொழிலாளி, தற்காலிகத் தொழிலாளி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தற்காலிகமாக வேலை செய்பவர், நாட்கூலி, கிலோ கணக்கில் கூலி வாங்குபவர், எல்லாருக்கும் வேலை கொடுப்பவர் ஈ.பி.எஃப் கட்டத்தான் வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், தேயிலை மலையைப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்து, கொழுந்தை எடைபோட்டு வாங்கிக்கொள்ளும் முறையில். அங்கே நீங்கள் தொழிலாளி இல்லை, கொழுந்து விற்பவர் என்று சொல்லிவிடுகிறார்கள். மாதக் கையிருப்பு கொஞ்சம் கூடத் தெரியலாம். ஆனால் 12ம் 3ம் சேர்ந்து 15 சதவீதம் அங்கே காணாமல் போகிறது, வேலையை விடும்போது தோட்டம் தர வேண்டிய பணிக்கொடையும் போகிறது. கையெழுத்துப் போடுமுன் இந்த இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

பிள்ளைகள் கொழும்பில் கடையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு?

கடையில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் முதலாளி ஈ.பி.எஃப் கட்ட வேண்டும். புறக்கோட்டையில் பத்து வருடம் நின்று, ஒரு நம்பர் கூட இல்லாமல் வீடு திரும்பிய பையன்களை எனக்குத் தெரியும். சேர்ந்த மாதமே நம்பர் கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டு வேலைக்குப் போன பெண்பிள்ளைகளின் நிலைமை வேறு. தனியார் வீடுகளில் செய்யும் வேலையை ஈ.பி.எஃப் சட்டம் வெளியே விட்டிருக்கிறது. மலையகத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் அந்த வேலைக்குப் போகிறார்கள் என்று நினைத்தால் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று புரியும்.

பணிக்கொடை எவ்வளவு வரும்?

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 5 வருடம் முடித்த எவருக்கும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. 1,350 ரூபாயில் 14 நாள் என்றால் 18,900. 30 வருடம் என்றால் 5,67,000 ரூபாய்.

வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் தண்டப்பணம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நீங்களாக விலகினாலும் உண்டு. தொழிலாளி இறந்துபோனால் வாரிசுகளுக்கு உண்டு.

“ஈ.பி.எஃப் எடுத்தாச்சு, எல்லாம் முடிஞ்சிருச்சு” என்று இதைக் கேட்காமலே இருந்துவிடுகிறவர்கள் நிறைய. ஈ.பி.எஃப் ஒன்று, ஈ.டி.எஃப் ஒன்று, பணிக்கொடை ஒன்று. மூன்றும் வெவ்வேறு காசு, மூன்றுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

எந்த வயதில் எடுக்கலாம்?

வேலையை விட்டிருந்தால் பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55. கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக உடல் இயலாமல் போனவர்கள், ஓய்வூதியமுள்ள அரசாங்க வேலைக்குப் போகிறவர்கள், நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடியேறுபவர்கள் வயதுக்கு முன்பே எடுக்கலாம். இடையில் வேலையை விட்டவருடைய பணம் எங்கும் போய்விடாது. வட்டியோடு அங்கேயே கிடக்கும்.

ஆனால் 50 ஆகிவிட்டது என்று உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஓய்வுபெறும் வயதை 60 ஆக உயர்த்தியது. அதனால் எடுக்கக்கூடிய வயது வேறு, வேலையை விட்டுப் போகவேண்டிய வயது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல், உடம்பில் தெம்பு இருக்கும்போதே பேரை வெட்டச் சொல்லிவிட்டு வந்து, பிறகு மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்கும் அக்காமார் எங்கள் பக்கம் சிலர் இருக்கிறார்கள்.

ஈ.டி.எஃப்பை வேலையை விடும்போது வயது பார்க்காமல் எடுக்கலாம், 5 வருடத்துக்கு ஒருமுறை மட்டும்.

செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவுப் புத்தகத்தில், ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். என்ன செய்வது?

என் வாசலுக்கு வருபவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கொண்டுவருகிறார்கள். இதை விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் அப்பாயியின் பெயர் தோட்டத்துப் புத்தகத்தில் ஒரு விதமாகவும், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதியவர்கள் தங்களுக்குத் தோன்றியபடி எழுதினார்கள். சில பெண்களுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயருக்கு மாறிப்போயிருக்கும். ஒரே டிவிசனில் இரண்டு ராமாயி இருந்தால் நம்பரே மாறிப்போயிருக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நம் ஆட்களில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, ஒரு பகுதியினர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமைக்கு வழி திறந்துவிட 2003இல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. அத்தனை வருடமும் கொழுந்து பறித்தார்கள், 1958க்குப் பிறகு சம்பளத்திலும் பிடித்தார்கள், ஆனால் கையில் ஒழுங்கான அடையாளக் கடதாசி இல்லை. அதன் விளைவை 70 வயதில் தொழில் காரியாலயத்து வாங்கில் உட்கார்ந்துகொண்டு அனுபவிக்கிறார்கள். பெயர் பிசகு அவர்களுடைய தவறே இல்லை. அங்கே போகும்போது தலை குனிந்து போகாதீர்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதலில் அடையாள அட்டையில் இருக்கும் பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் புத்தகத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒரே ஆளுடையவை என்று தோட்ட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வாங்குங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதமும் உதவும். தேவைப்பட்டால் சத்தியக் கடதாசி முடிக்கச் சொல்வார்கள். பழைய சம்பளத் துண்டு, ஈ.பி.எஃப் உறுப்பினர் அட்டையான பி அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எதையும் எறிய வேண்டாம்.

முக்கியமானது: இதை 60 வயதில் செய்யாமல் 45 வயதில் செய்யுங்கள். வேலையில் இருக்கும்போது தோட்டத்து ஆபிசில் ஒரு கடிதம் வாங்குவது லேசு. ஓய்வுபெற்று, தோட்டத்து முகாமையாளரான துரையும் கணக்கப்பிள்ளையும் மாறிப்போன பிறகு பழைய புத்தகத்தைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

தோட்டம் பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால்?

ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்டியாக வேண்டும். தவறினால் தாமதத்தைப் பொறுத்து 5 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். அந்தப் பகுதித் தொழில் காரியாலயத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றம் வரை கொண்டுபோக முடியும். முறைப்பாட்டின் பிரதியைத் திகதி முத்திரையோடு வாங்கி வையுங்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் வாயால் சொன்னது முறைப்பாடு ஆகாது.

எங்கள் அம்மாவின் கணக்கிலும் இடையில் ஏழு மாதம் வெறுமையாக இருந்தது. அவர் வருடத்துக்கு ஒருமுறையாவது கணக்குக்கூற்றைப் பார்க்கிறவராக இருந்தால் அப்போதே பிடித்திருக்கலாம். ஓய்வுபெற்ற பிறகுதான் கண்டோம், சரிசெய்ய ஒன்றரை வருடம் ஓடியது.

வேலையில் இருந்துகொண்டே கொஞ்சம் எடுக்கலாமா?

எடுக்கலாம். 2012இல் வந்த திருத்தத்தின்படி 10 வருடம் பணம் சேர்ந்து, கணக்கில் குறைந்தது 3 லட்சம் ரூபாய் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் வரை எடுக்கலாம். லயத்தில் இருப்பவர்களுக்குக் காணி உறுதி இல்லாததால் வீட்டுக் காரணத்தைக் காட்டுவது கஷ்டமாகிறது. காணிப் பிரச்சினை எங்கே போய்த் தொடுகிறது பாருங்கள். நோய்க்கு எடுப்பதென்றால் தயங்க வேண்டாம். கூரைக்கு எடுப்பதை மட்டும் இரண்டு தடவை யோசியுங்கள்.

மொத்தமாக வந்த பணத்தை என்ன செய்வது?

பணம் வந்த வாரம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். முதல் நாள் அடகுக்கடையில் இருந்த தோட்டையும் சங்கிலியையும் மீட்டோம். அடுத்து நுண்கடன் நிலுவை. அப்புறம் மழைக்கு ஒழுகிய தகரத்தை மாற்றினோம். தங்கச்சியின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிருந்தது, அதை முடித்தோம். தம்பி ஆட்டோவுக்கு முற்பணம் கேட்டான், அம்மா கொடுத்தார். ஒவ்வொன்றும் நியாயமான செலவு. யாரும் ஊதாரித்தனம் பண்ணவில்லை. பதினான்கு மாதத்தில் வங்கிப் புத்தகத்தில் சில ஆயிரம்தான் மிச்சம். 33 வருடம் பறித்தவர் இன்று மாத்திரை வாங்க என்னிடம் காசு கேட்கத் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஒரு கணக்கு. கையில் 12 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய தொகை போலத் தெரியும். 60 வயதில் வாங்கி 80 வயது வரை இருந்தால் 240 மாதம். வட்டியை விட்டுவிட்டுப் பங்கு போட்டால் மாதம் 5,000 ரூபாய். அவ்வளவுதான் அந்தப் பணம். அதை லட்சமாகப் பார்க்காமல் மாதமாகப் பார்க்கப் பழகினால் செலவழிக்கும் கை கொஞ்சம் நிதானிக்கும்.

நான் சொல்லும் யோசனை: பணம் வருவதற்கு முன்பே, வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, இவ்வளவு கடனுக்கு, இவ்வளவு அம்மாவுக்கு மட்டும் என்று பேசி முடிவெடுங்கள். அம்மாவின் பங்கை மாத வட்டி வரும் நிலையான வைப்பில், அவர் பெயரில் மட்டும் போடுங்கள். கூட்டுக் கணக்கு வேண்டாம். பாசம் இருக்கிற வீட்டில்தான் பணம் சீக்கிரம் கரையும், யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது.

2022 போல விலைவாசி ஏறினால் சேமித்த பணம் என்ன ஆகும்?

தேயும். அந்த வருடம் செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. ஈ.பி.எஃப்புக்கு அந்த வருடம் கிடைத்த வட்டி 9 சதவீதம். இலக்கம் கூடியது, ஆனால் அதே பணத்துக்கு வாங்கக்கூடிய கோதுமை மாவு வெகுவாகக் குறைந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோதும் நம் நிதி வைத்திருந்த திறைசேரி முறிகள், அதாவது அரசாங்கத்தின் கடன் பத்திரங்கள்தான், வேறு முறிகளாக மாற்றிக்கொடுக்கப்பட்டன. சேமிப்பு நிதியில் விலைவாசி ஆபத்து முழுவதும் தொழிலாளியின் தலையில் விழுகிறது. விலைக்கேற்ப உயரும் மாதாந்த ஓய்வூதியத்தில் அந்தப் பாரம் அரசாங்கத்தோடு பங்குபோடப்படும்.

அரசாங்க உத்தியோகத்தருக்கு மட்டும் ஏன் பென்சன்?

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த ஏற்பாடு. நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு அரசாங்கம் வரிப்பணத்திலிருந்து ஓய்வூதியம் கொடுத்தது, அவர்கள் அதற்காகத் தனியாகச் சேமிப்புக் கட்ட வேண்டியதில்லை. தனியாருக்கு வேலை செய்பவர்களுக்கு 1958இல் சேமிப்பு நிதி வந்தது. மலையகத்தில் ஆசிரிய வேலைக்கு அவ்வளவு மவுசு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே லயத்தில் வளர்ந்த அக்கா, தங்கச்சி இருவரில் ஒருவர் ஆசிரியையாகி மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குகிறார், மற்றவர் மலைக்குப் போய் வெறுங்கையோடு நிற்கிறார். இருவரும் விடிகாலையில் எழுந்து வேலைக்கு ஓடியவர்கள்தான்.

வேறு நாடுகளில் எப்படி?

மூன்று வழிகள் இருக்கின்றன என்று எளிதாகச் சொல்லலாம். முதலாவது காப்புறுதி வழி. ஜெர்மனியில் 1889இல் பிஸ்மார்க் கொண்டுவந்தார். தொழிலாளியும் முதலாளியும் கட்டுவார்கள், வயது வந்ததும் மாதாமாதம் வரும். ஆரம்பத்தில் 70 வயதுக்குத்தான் கொடுத்தார்கள், 1916இல் 65 ஆக்கினார்கள். இரண்டாவது நம்முடையது போன்ற சேமிப்பு நிதி. பிரித்தானியர் ஆண்ட நாடுகளில் இது அதிகம். மலேசியாவில் 1951, இந்தியாவில் 1952, சிங்கப்பூரில் 1955. மூன்றாவது, வரிப்பணத்திலிருந்து வயதானவர்களுக்கு நேரடியாகக் கொடுப்பது.

பிரித்தானியா தன் சொந்த மக்களுக்கு 1908இல் சட்டம் போட்டு, 1909 ஜனவரி 1 முதல், 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் கொடுத்தது. அவர்கள் குடித்த தேயிலையைப் பறித்த நம் பாட்டிகளுக்கு அப்போது ஒன்றும் இல்லை.

மொரீசியஸைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன். நம் முன்னோர் மன்னாரில் இறங்கி மலைக்கு நடந்த அதே காலத்தில், 1834இலிருந்து, கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களை அங்கே கொண்டுபோனார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அந்தத் தீவில் 1950இல் முதியோர் ஓய்வூதியம் வந்தது. 1958இல் ஏழையா பணக்காரரா என்று பார்க்காமல் எல்லாருக்கும் என்று ஆக்கினார்கள். கவனியுங்கள், நமக்கு ஈ.பி.எஃப் வந்த அதே 1958. கரும்பு வெட்டிய பாட்டிக்கும் கடை முதலாளிக்கும் 60 வயதில் அதே பணம், அடையாள அட்டை போதும். இப்போது முதியவர் தொகை கூடி, செலவு தாங்காமல், 2025இல் அந்த வயதைப் படிப்படியாக 65 ஆக்க முடிவெடுத்தார்கள். அங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. எல்லாருக்கும் பென்சன் என்பது சும்மா வருவதில்லை, அதைக் கட்டிக்காப்பதும் பாடுதான்.

தென்னாபிரிக்காவின் கதை வேறு. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் நம் ஆட்கள் போனார்கள். 1928இல் அங்கே வந்த முதியோர் ஓய்வூதியத்தில் கறுப்பினத்தவரும் இந்தியரும் சேர்க்கப்படவில்லை. 1944இல் சேர்த்தார்கள், குறைந்த தொகையோடு. எல்லா இனத்துக்கும் ஒரே தொகை என்று ஆனது 1993இல்தான்.

பிரேசிலில் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்புக்குப் பிறகு, கிராமப்புற விவசாயக் கூலிகள் பெண்ணென்றால் 55, ஆணென்றால் 60 வயதில் ஓய்வூதியம் பெறும் வழி வந்தது. சேமிப்புக் கட்டிய ரசீது கேட்பதில்லை, நிலத்தில் உழைத்ததற்கான அத்தாட்சியைத்தான் கேட்கிறார்கள். எங்கள் அப்பாயி அங்கே பிறந்திருந்தால் அவருடைய கையில் இருந்த காய்ப்பே போதுமான அத்தாட்சி என்று நினைத்துக்கொள்வேன்.

மலேசியா, சிங்கப்பூரிலும் மொத்தமாகத்தானே கொடுக்கிறார்கள்?

மலேசியாவில் பெரும்பாலும் ஆமாம். அங்கேயும் எடுத்த பணம் சில வருடங்களில் தீர்ந்துபோவது பெரிய பேச்சு. சிங்கப்பூர் பாதையை மாற்றியது. 2009இல் கொண்டுவந்த திட்டத்தின்படி, சேமிப்பின் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு சாகும்வரை மாதாமாதம் கொடுக்கிறார்கள். நமக்கும் இது ஒத்துவரும் என்று நினைக்கிறேன். சேர்ந்த பணத்தில் பாதியைக் கையில் கொடுத்துவிட்டு, மீதியை மாதக் கொடுப்பனவாகத் தரும் ஒரு தெரிவு இருந்தால் என் அம்மா நிச்சயம் அதை எடுத்திருப்பார்.

சிலியில் 1981இல் ஓய்வூதியத்தைத் தனியார் சேமிப்புக் கணக்குகளாக மாற்றினார்கள். குறைந்த சம்பளக்காரருக்குப் போதவில்லை. 2008இலும் 2022இலும் அரசாங்கப் பணத்தால் அந்தக் குழியை நிரப்ப வேண்டியதாயிற்று. குறைந்த சம்பளத்தில் சேமிக்கும் பணம் முதுமைக்குப் போதாது என்பது நம் தோட்டத்துக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை.

அஸ்வெசுமவில் வயதானவர்களுக்குக் கிடைக்குமா?

கிடைக்கும், எல்லாருக்கும் இல்லை. 2023இல் சமுர்த்தி என்ற வறுமை நிவாரணத்துக்குப் பதிலாக வந்த இந்தத் திட்டத்தில், குறைந்த வருமானமுள்ள 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிக் கொடுப்பனவு இருக்கிறது. ஆரம்பத்தில் மாதம் 2,000 ரூபாய், பிறகு உயர்த்தப்பட்டது. பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் கேளுங்கள்.

எனக்கு இதில் உள்ள வருத்தம், யார் ஏழை என்று கண்டுபிடிக்கும் முறை. மின்சாரம் இருக்கிறதா, வீட்டில் என்ன சாமான் இருக்கிறது, எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்று புள்ளி போடுகிறார்கள். லயத்தில் ஒரே காம்பராவுக்குள் இரண்டு குடும்பம் இருக்கும், மகன் கொழும்பில் இருந்து அனுப்பும் பணம் அவன் பிள்ளைகளுக்கே பற்றாது, ஆனால் கணக்கில் பாட்டிக்கு ஆதரவு இருப்பதாக விழுந்துவிடும். விடுபட்டால் மேன்முறையீடு செய்யலாம். செய்யுங்கள், விட்டுவிடாதீர்கள்.

மரக்கறித் தோட்டம் செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர் என்ன செய்யலாம்?

விவசாயிகளுக்கான ஓய்வூதியத் திட்டம் 1987இல் வந்தது. அதற்குள் பணம் தட்டுப்பட்டுச் சில காலம் கொடுப்பனவே நின்று, 2014இல் மீண்டது. சுயதொழில் செய்பவர்களுக்கு 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டங்கள் உள்ளன. நீங்களாகப் பணம் கட்ட வேண்டும், 60 வயதிலிருந்து மாதாமாதம் வரும். 25 வயதில் சேர்ந்தால் தவணை சின்னது, 50 வயதில் பெரியது. தம்பியை நான் சேர்த்துவிட்டேன்.

நம் நாட்டுக்கு எல்லாருக்கும் பென்சன் கட்டுப்படியாகுமா?

நேபாளம் நம்மை விட வறிய நாடு. 1995இல் 75 வயதான எல்லாருக்கும் மாதம் 100 ரூபாய் என்று தொடங்கினார்கள். சின்னத் தொகைதான். ஆனால் அது உரிமை என்று ஆனபிறகு, பின்னர் வந்த அரசாங்கங்கள் தொகையைக் கூட்டினவே தவிர நிறுத்தவில்லை. வயதையும் பிறகு குறைத்தார்கள்.

இலங்கையில் 2022இல் அரசாங்கத்தின் வரி வருமானம் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே போனது. வரி வாங்காத அரசாங்கத்தால் யாருக்கும் ஓய்வூதியம் கொடுக்க முடியாது, உண்மைதான். அதே நேரம், நம் ஆட்கள் மாவிலும் சீனியிலும் மண்ணெண்ணெயிலும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 70 வயதில், பெயர் பிசகோ புள்ளிக் கணக்கோ குறுக்கே வராமல், எல்லாருக்கும் ஒரு சிறு தொகையாவது கொடுத்துத் தொடங்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். சர்வதேச தொழில் அமைப்பு 2012இல் சொன்ன சமூகப் பாதுகாப்பின் அடித்தளம் என்பதும் அதுதான்: முதுமையில் எவரும் குறைந்தபட்ச வருமானம் இல்லாமல் இருக்கக்கூடாது.

அப்பா இறந்துவிட்டார். பணம் யாருக்கு?

அவர் யார் பெயரை நியமித்து எழுதியிருக்கிறாரோ அவருக்கு. எழுதவில்லை என்றால் சட்டப்படியான வாரிசுகளுக்கு, அதற்கு மேலதிகக் கடதாசிகள் தேவைப்படும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதிவிட்டு, பின்னர் மாற்றாமல் விட்டவர்கள் அநேகம். இன்றைக்கே பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

அடையாள அட்டை, பி அட்டை அல்லது ஈ.பி.எஃப் நம்பர், அம்மா பெயரில் வங்கிப் புத்தகம். இந்த மூன்றையும் ஒரு பையில் போடுங்கள். வேறு வேறு தோட்டத்தில் வேலை செய்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நம்பர் இருக்கும், அத்தனையும் எழுதிக்கொள்ளுங்கள். ஈ.பி.எஃப்புக்குக் ‘கே’ என்ற விண்ணப்பப் படிவம், அதில் தோட்டத்தின் கையொப்பம் வேண்டும், தொழில் காரியாலயத்தில் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. எடுத்துத் தருகிறேன், இத்தனை வீதம் கொடு என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். சிங்களத்தில் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் கூடப் போங்கள், தமிழில் கேட்டு வாங்க உரிமை இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். எல்லாக் கடதாசியையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விடிய முதல் பஸ்ஸைப் பிடித்தால் வரிசையில் முன்னுக்கு நிற்கலாம்.